டிரிப் ஆகும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தூக்கி எறியாதீர்கள்

கணினி பூட்டித் தருபவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது கணினி சட்டென்று நின்றுவிடுகிறது. பட்டனை அமுக்கினால் உயிர் வரவில்லை. பின்பக்கச் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. இந்தப் புகாரோடு வருகிறவர்கள் உங்கள் கடைக்குப் புதியவர்கள் அல்ல. "எஸ்.எம்.பி.எஸ். வீக்காயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான் பெரும்பாலான மேசைகளில் கிடைக்கும் பதில். அலமாரியில் இருக்கும் வேறொன்றை மாட்டுகிறீர்கள், அது நிற்காமல் ஓடுகிறது. வாடிக்கையாளர் நிம்மதியாகக் கிளம்புகிறார், பழையது காயலான் கடைக்குப் போகிறது.

ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்கள், சிறு ஊர்களில் ஒற்றை மேசையோடு சர்வீஸ் செய்பவர்கள், படித்துக்கொண்டே நண்பர்களுக்கு கேமிங் கணினி பூட்டிக் கொடுக்கும் தம்பி தங்கைகள், எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அந்தப் பழைய பெட்டி தன் கடமையைச் செய்துதான் நின்றிருக்கக்கூடும். புதிதாக மாட்டியது, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கத் தெரியாத பெட்டியாக இருக்கக்கூடும். இரண்டில் எது உண்மை என்று பார்க்காமல் மாற்றுவதை நாம் நிறுத்த வேண்டும்.

அந்தக் காலத்து ஃபியூஸ் கட்டையில் கம்பி அடிக்கடி எரிகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்த வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன்பிறகு ஃபியூஸ் போகவே போகாது, சுவருக்குள் இருக்கும் வயர்தான் போகும். பாதுகாப்பு இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டுவதும் அதே காரியம்தான்.

இன்டெல் வெளியிடும் ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது. 12, 5, 3.3 வோல்ட் லைன்களில் எது ஷார்ட் ஆனாலும் சப்ளை உடனே நின்று, நின்ற நிலையிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். கோளாறு நீங்கிய பிறகு, பச்சை வயரில் வரும் ஆன் சிக்னல் குறைந்தது 1 வினாடியாவது விலகித் திரும்பி வந்தால்தான் மறுபடி ஓட வேண்டும். 0.1 ஓமுக்குக் குறைவான எந்தத் தடையும் அதன் கணக்கில் ஷார்ட்தான். பட்டனை அமுக்கியும் உயிர் வராமல், பின்சுவிட்சை அணைத்துப் போட்டதும் ஓடுகிற அந்தப் பெட்டி, உள்ளே ஏதோ ஒரு பாதுகாப்பு விழித்துக்கொண்டு பூட்டிய பெட்டி. அது எதைக் கண்டு பூட்டியது என்று கேட்பதுதான் நம் தொழில்.

அட்டைப் பெட்டியின் ஓரத்தில் வரிசையாக அச்சடித்திருப்பார்கள்: ஓ.வி.பி., யு.வி.பி., ஓ.சி.பி., ஓ.பி.பி., எஸ்.சி.பி., ஓ.டி.பி. வோல்டேஜ் ஏறினால், இறங்கினால், ஒரு லைனில் கரண்ட் மிஞ்சினால், மொத்தப் பவர் மிஞ்சினால், ஷார்ட் ஆனால், சூடு மிஞ்சினால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல். இந்த எழுத்துகள் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கின்றன. அந்தக் காவல் எந்த அளவில் விழித்துக்கொள்ளும் என்பது ஏறக்குறைய எந்தப் பெட்டியிலும் இல்லை.

12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது நெடுங்காலமாக இருந்த ஏ.டி.எக்ஸ். கணக்கு. வோல்டேஜ் எகிறும்போது சப்ளை 13.4க்கும் 15.6க்கும் இடையில் எங்காவது வெட்டியாக வேண்டும். 5 வோல்ட் லைனுக்கு அந்த மேல் எல்லை 7.0, 3.3 வோல்ட்டுக்கு 4.3. எல்லையே இவ்வளவு தளர்வானது. 12 வோல்ட்டுக்குச் செய்த ஹார்ட் டிஸ்க் மோட்டாரும் கிராஃபிக்ஸ் கார்டும் 15 வோல்ட்டைப் பார்த்துவிடலாம், அப்போதும் சப்ளை விதிக்குள்தான் இருக்கிறது. இந்தத் தளர்வான எல்லையைக்கூடக் காக்காத மலிவுப் பெட்டிகளை என்னவென்று சொல்வது? பழைய வகை ஸ்டாண்ட்பை சர்க்யூட்டில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் காய்ந்துபோனால், ஊதா வயரில் வரும் 5 வோல்ட் கட்டுப்பாடு இழந்து மேலே ஏறும். கணினி அணைந்திருக்கும்போதும் அந்த லைன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். "நைட் ஆஃப் பண்ணிட்டுப் படுத்தேன், காலையில போர்டு டெட்" என்று வருகிற கேஸ்களில் மதர்போர்டைப் பழிக்கும் முன் அந்த ஊதா வயரை மீட்டரில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இந்தக் காவலையெல்லாம் பார்ப்பது உள்ளே இருக்கும் ஒரு சூப்பர்வைசர் சிப். எல்லா சிப்பும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. டபிள்யூ.டி.7502 வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனிக்கும். டபிள்யூ.டி.7527 கரண்டையும் கவனிக்கும். முதல் சிப்பை மட்டும் போட்டுவிட்டுப் பெட்டியில் ஓ.சி.பி. என்று அச்சடித்திருந்தால், அந்தக் கரண்ட் காவல் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் சிப் இருப்பதும் போதாது. 2021 ஆகஸ்டில் நடந்த ஜிகாபைட் விவகாரத்தை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அமெரிக்காவில் நியூஎக் என்ற இணையக் கடை கார்டு வேண்டுமானால் கூடவே எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் வாங்க வேண்டும் என்று சேர்த்து விற்றது. அப்படிப் போன ஜிகாபைட் பி750ஜி.எம்., பி850ஜி.எம். சப்ளைகள் பல, வாங்கியவர்களின் மேசையிலேயே கெட்டுப்போயின. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற கணினி விமர்சனக் குழுவினர் சிலவற்றை வாங்கிச் சோதித்தார்கள். ஓ.பி.பி. சோதனையின்போது பொறி பறக்க வெடித்தவையும் அவற்றில் இருந்தன.

அவற்றில் ஓ.பி.பி. இல்லாமல் இல்லை. நிறுவனமே பிறகு வெளியிட்ட அறிக்கையின்படி, 850 வாட் சப்ளையில் அந்தக் காவல் 1020 முதல் 1300 வாட் வரைக்கும் விழிக்காதபடி வைக்கப்பட்டிருந்தது. அதாவது தாங்குதிறனில் 120 முதல் 150 சதவீதம். அதே அளவில் நெடுநேரம் திரும்பத் திரும்பச் சோதித்தால் சப்ளையின் ஆயுள் குறையலாம் என்றும் அந்த அறிக்கை சொன்னது. பிறகு வரம்பை 110 முதல் 120 சதவீதத்துக்கு இறக்கினார்கள், குறிப்பிட்ட வரிசை எண் கொண்டவற்றை மாற்றித் தருவதாகவும் அறிவித்தார்கள். காவல்காரன் எழுந்திருக்கும் அளவுக்கு முன்பே உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் உயிரை விட்டுவிட்டால் அந்தக் காவலால் யாருக்கு என்ன பயன்? பெட்டியில் அச்சடித்த எழுத்து பொய்யில்லை. ஆனால் அதை நம்பி வாங்கியவரின் மேசையில் புகை வந்தது.

அப்படியானால் வரம்பை ஒரேயடியாகக் கீழே வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. 2020 செப்டம்பரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுக்கு 350 வாட் என்று குறித்திருந்தார்கள். அது சராசரிக் கணக்கு. ஒரு மில்லி வினாடிக்கும் குறைந்த நேரத்துக்கு அந்தக் கார்டு 500 வாட்டைத் தாண்டியும் இழுத்தது. சராசரியை மட்டும் கூட்டிப் பார்த்து வாங்கிய நல்ல சப்ளைகள்கூட அந்தத் துள்ளலைக் கோளாறு என்று எண்ணிப் பூட்டிக்கொண்டன. அந்த அனுபவத்திலிருந்துதான் 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0, புதிய 16 பின் கார்டு இணைப்பு உள்ள பெரிய சப்ளைகள் 100 மைக்ரோ வினாடிக்கு இரண்டு மடங்கு பவரைத் தாங்க வேண்டும் என்று வைத்தது. காவல் கண நேரத் துள்ளலைப் பொறுக்க வேண்டும், நீடித்த மிகையைப் பொறுக்கக் கூடாது. நல்ல வடிவமைப்பாளரின் முழுத் திறமையும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சோதிக்காமல் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

முறையாகச் சோதிக்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அவர்கள் எலக்ட்ரானிக் லோடு என்ற கருவியில் எல்லா லைனையும் கோக்கிறார்கள். இந்த வேலையில் குரோமா நிறுவனத்தின் லோடுகளுக்குப் பெரிய பெயர் உண்டு. ஒரு லைனைத் தவிர மற்றவற்றில் குறைந்த சுமையை வைத்து, அந்த ஒரு லைனின் கரண்டை மெல்ல மெல்ல ஏற்றி, எந்த ஆம்பியரில் அணைகிறது என்று குறிக்கிறார்கள். பிறகு மொத்தச் சுமையையும் விகிதம் மாறாமல் ஏற்றி ஓ.பி.பி.யைப் பார்க்கிறார்கள். சப்ளை ஆறியிருக்கும்போது ஒருமுறை, சூடாக இருக்கும்போது ஒருமுறை. இது முக்கியம், ஏனென்றால் அணையும் அளவு சூட்டோடு நகரும். அணையும் வரை வோல்டேஜ் எல்லைக்குள் இருந்ததா, ரிப்பிள் 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டாமல் இருந்ததா என்று அலைக்காட்டியில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 11 வோல்ட்டுக்குச் சரிந்த பிறகு அணைகிற சப்ளை தாமதமாக விழித்தது என்றுதான் பொருள். கடைசியில் ஒவ்வொரு லைனையும் ஷார்ட் செய்து பார்க்கிறார்கள், சூடான காற்றை ஊதி ஓ.டி.பி. விழிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓ.வி.பி.யைச் சோதிக்க வெளியிலிருந்து வேறொரு சப்ளையால் லைனின் வோல்டேஜை உயர்த்த வேண்டும். அதைப் பலரும் செய்வதில்லை.

80 பிளஸ் முத்திரை இதில் எதையும் சொல்லாது. 2004இல் தொடங்கிய அந்தத் திட்டம் முக்கியமாக அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை, அதுவும் 23 டிகிரி செல்சியஸ் அறையில். மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறையில், கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டையும் சேர்த்து விழுங்கும் ஒரு சப்ளைக்கு 23 டிகிரி எட்டாக்கனி. "கோல்டு சார், தைரியமா போடலாம்" என்று சொல்லும்போது நாம் உறுதியளிப்பது கரண்ட் பில்லுக்குத்தான். கார்டின் உயிருக்கு அந்தத் தங்கம் பொறுப்பேற்காது.

உங்களிடம் எலக்ட்ரானிக் லோடு இல்லை, அதன் விலைக்குக் கடையையே இன்னொரு முறை வைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் டிரிப் ஆன சப்ளை உங்களிடம் நிறையப் பேசும்.

பட்டனை அமுக்கியதும் ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கக்கூடும். மின் வயரைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கலாம், சாட்டா கன்வர்ட்டர் வயர் உள்ளே கருகியிருக்கலாம், மதர்போர்டுக்கு அடியில் ஒரு ஸ்டாண்ட்-ஆஃப் தவறான இடத்தில் நிற்கலாம். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மீட்டரை ஓமில் வைத்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இதைச் செய்யாமல் எஸ்.சி.பி. இல்லாத ஒரு பெட்டியை மாட்டினால், அந்த ஷார்ட்டுக்குள் அது கரண்டை ஊற்றிக்கொண்டே இருக்கும். வயர் உருகும் வாசனையோடுதான் வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

கேம் ஆடும்போது மட்டும் நிற்கிறதா? கார்டுக்குப் போகும் வயரைப் பாருங்கள். ஒரே வயரில் இரண்டு 8 பின் முனை இருப்பதைக் கார்டின் இரண்டு சாக்கெட்டிலும் சொருகியிருப்போம். 12 வோல்ட்டைப் பல லைன்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஓ.சி.பி. வைத்திருக்கும் சப்ளைகளில், அந்த ஒற்றை வயர் மொத்தச் சுமையையும் ஒரே லைனில் ஏற்றிவிடும். சப்ளையிலிருந்து இரண்டு தனி வயர் இழுத்துக் கொடுங்கள். பல நேரம் பிரச்சினை அங்கேயே தீர்ந்துபோகும், புதுச் சப்ளைக்கு வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மதியம் மட்டும் நிற்கிறது, அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் நிற்கிறது என்றால் சூடு. தூசி, நின்றுபோன ஃபேன், கீழே காற்று இழுக்கும் கேபினெட்டை மெத்தைமேல் வைத்திருப்பது என்று காரணங்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்பது வேறு கதை. முழுச் சுமையில் 16 மில்லி வினாடி வரை சப்ளை தன் கெப்பாசிட்டரை வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்த ஏ.டி.எக்ஸ். கணக்கு. வீட்டு இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்சு இருக்கும். அது எக்கோ மோடில் இருந்தால் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். அப்போது சப்ளை தன் பவர் குட் சிக்னலைக் கீழே இழுத்து, "இனி என் வோல்டேஜை நம்பாதே" என்று போர்டிடம் நேர்மையாகச் சொல்கிறது. போர்டு ரீசெட் ஆகிறது. மலிவுச் சப்ளைகள் சிலவற்றில் பவர் குட் வயரை 5 வோல்ட்டோடு சேர்த்தே கட்டிவிடுகிறார்கள். அது எந்த நிலையிலும் "எல்லாம் நலம்" என்றே சொல்லும். ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடி, டிஸ்கில் பாதி எழுதிய ஃபைலோடு நிற்கும் கணினியைவிட ரீஸ்டார்ட் ஆகும் கணினி மேலானது. இன்வெர்ட்டர் சுவிட்சை மாற்றிவிட்டு வாருங்கள், வேலை முடிந்தது.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது சப்ளை கிளம்புகிறது என்பதற்கு மட்டுமே சான்று. சின்ன எல்.சி.டி. டெஸ்டரும் சுமை அதிகமில்லாமல்தான் வோல்டேஜைக் காட்டும். சுமை கொடுத்தபோது என்ன ஆகும், ஷார்ட் ஆனால் நிற்குமா என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை. அதைவிட மோசம், ஸ்க்ரூடிரைவரால் மஞ்சளையும் கறுப்பையும் உரசி "பாருங்க, டிரிப் ஆகுது" என்று வாடிக்கையாளருக்குக் காட்டுவது. பல பத்து ஆம்பியர் கொடுக்கக்கூடிய லைன் அது. காவல் இல்லாத பெட்டியாக இருந்தால் ஸ்க்ரூடிரைவர் நுனியில் உருகிய உலோகம் உங்கள் கண்ணை நோக்கித்தான் தெறிக்கும். மூடியைத் திறந்து உள்ளே அளப்பதும் வேண்டாம். நம் 230 வோல்ட்டை நேராக்கினாலே 325 வோல்ட். பவர் ஃபேக்டர் திருத்தும் சர்க்யூட் உள்ளவற்றில் 400ஐ நெருங்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பழகியவர்களின் கை மட்டும் போக வேண்டிய இடம் அது. பழைய பெட்டிகளில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்சு இருந்தால் 230இல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். தவறான பக்கத்தில் இருந்தால் எந்த ஓ.வி.பி.யும் குறுக்கே வராது, ஆன் செய்த கணமே வெடிக்கும்.

இன்னொன்று, சப்ளைக்கு வெளியே இருக்கும் பாதுகாப்பு. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று எத்தனை வீடுகளில் கேட்டிருப்பீர்கள்! சப்ளையின் நுழைவில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் கேபினெட் ஏறக்குறைய பாதி மெயின்ஸ் வோல்டேஜில் மிதக்கும். சர்ஜ் வந்தால் அதை எர்த்துக்குத் தள்ள வழியே இருக்காது. உள்ளே ஃபேஸ் கேபினெட்டைத் தொட்டுவிட்டால் ஃபியூஸும் போகாது, தொடுகிறவர்தான் போவார். எவ்வளவு நல்ல சப்ளையாக இருந்தாலும் எர்த் இல்லாவிட்டால் அதன் பாதுகாப்பில் ஒரு பகுதி செத்ததுதான். கணினியைப் பொருத்தப் போகிற வீட்டில் எர்த் பாயிண்டை மீட்டரால் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. மூன்று பின் பிளக்கை டூ பின் கன்வர்ட்டரில் சொருகிக் கொடுக்காதீர்கள், எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

விற்கும்போது செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். கொட்டேஷனில் "450 வாட் எஸ்.எம்.பி.எஸ்." என்று மொட்டையாக எழுதுவதை விட்டுவிடுங்கள். கேபினெட்டோடு ஓசியாக வருகிற பெட்டிகளின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 இருக்கும், கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்பியர் என்றிருக்கும். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினி ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கிறது. அதனால் பில்லில் மாடல் பெயரையும் 12 வோல்ட் ஆம்பியரையும் எழுதுங்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கப் பழகுவார்.

விநியோகஸ்தர் அடுத்த முறை புது பிராண்டோடு வரும்போது, ஓ.பி.பி. எத்தனை சதவீதத்தில், ஓ.சி.பி. எந்த ஆம்பியரில், ஓ.டி.பி. உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். "எல்லா புரொடெக்‌ஷனும் இருக்கு சார்" என்றால், எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அந்த மாடலை லோடில் போட்டு அளந்து வெளியிட்ட விமர்சனம் இருந்தால் அதில் பாதுகாப்புப் பக்கத்தை முதலில் படியுங்கள், திறன் அட்டவணையைப் பிறகு பார்க்கலாம். எண் கிடைக்காத பெட்டியை விலைக்காக மட்டும் அலமாரியில் ஏற்றாதீர்கள்.

வாரண்டியில் திருப்பி அனுப்பும் சப்ளையோடு "டெட்" என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்புகிறோம். எந்த கார்டு, எந்தச் சுமை, ஆன் செய்ததும் நின்றதா, ஓடி நின்றதா, சுவிட்சை அணைத்துப் போட்டதும் திரும்பியதா என்று நான்கு வரி எழுதி ஒட்டி அனுப்புங்கள். அதே நான்கு வரியை உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். ஒரே மாடல் ஒரே மாதிரி மறுபடி மறுபடி வருகிறதா என்பதை அந்த நோட்டிலிருந்து உங்களால்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும்.

அன்புடன்,
உங்களைப்போலவே எஸ்.எம்.பி.எஸ்.களோடு காலம் கழிக்கும் ஒருவர்